அடைப்பு எடுக்கும் கை

கடற்படையில் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி வழங்க வேண்டும் என்று 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் அரசுத் தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்று, ரஷ்யத் தயாரிப்புக் கப்பல்களில் பெண்களுக்குக் கழிவறை இல்லை என்பது. அடிப்படையற்ற வாதம் என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடலே தெரியாத ஊர்ப்பக்கம், நான் முதன்முதலாக விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போன கல்லூரியிலும் இதையேதான் சொன்னார்கள். ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. "லேடீஸ் ஸ்டாஃபுக்கு பாத்ரூம் இல்லையேம்மா, உங்களுக்குத்தான் கஷ்டம்."

தீர்ப்புக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, ஆறு பெண்கள் உலகைச் சுற்றி வந்துவிட்டிருந்தார்கள். 2017 செப்டம்பர் 10 அன்று, வர்த்திகா ஜோஷி தலைமையில் ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற பாய்மரப் படகு கோவாவிலிருந்து புறப்பட்டது. 2018 மே 21 அன்று திரும்பியது. 254 நாட்கள். படகின் நீளம் ஏறத்தாழ 55 அடி. எங்கள் தெருவில் இரண்டு வீட்டு வாசல் அளவு.

பழைய பாய்மரக் கப்பல்களில் மாலுமிகள் அணியத்தில், துளையிட்ட பலகைமேல் உட்கார்ந்து நேரே கடலில் கழித்தார்கள். கப்பல் கழிவறையை ஆங்கிலத்தில் இன்றும் 'தலை' என்றே சொல்வது அதனால்தான். தலைவருக்கு மட்டும் பின்பக்கத்தில் தனி இடம். மறைவு என்பது கப்பலிலும் பதவியைப் பொறுத்தது.

இன்றைய பாய்மரப் படகுகளில் சிறிய பேஸினும் அதன் பக்கத்தில் ஒரு கைபம்பும் இருக்கும். பம்பை அடித்தால் கடல்நீர் உள்ளே வந்து கழிவை வெளியே தள்ளும். போனது திரும்பாமலிருக்க, வாத்தின் அலகு போன்ற ஒரு ரப்பர் வால்வு. பேஸின் பெரும்பாலும் கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், அந்த வால்வு தளர்ந்தால் தள்ளிய நீர் உள்ளே திரும்பும். கைப்பிடி இறுகினால் வெளிக்குழாயில் அடைப்பு, அல்லது படகின் அடியிலுள்ள அடைப்பான் மூடிக் கிடக்கிறது. சிறுநீரிலிருந்தும் உப்புநீரிலிருந்தும் சுண்ணாம்பு படிந்து குழாய் உள்ளுக்குள்ளேயே குறுகிவரும். வினிகர் ஊற்றி ஊறவைப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் அடைப்பானை மூடிவிட்டுக் குழாயைக் கழற்ற வேண்டியதுதான். அடைப்பானை மறந்தால் கடல் உள்ளே வந்துவிடும். 1945 ஏப்ரலில் ஸ்காட்லாந்து கரைக்கு அப்பால் யூ-1206 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல், கழிவறைக் கோளாறால் கடல்நீர் புகுந்து கைவிடப்பட்டது. அதில் ஒரு பெண்ணும் இல்லை.

நடுக்கடலில் பிளம்பரைக் கூப்பிட முடியாது. உட்கார்ந்தவர்களில் ஒருவர்தான் கழற்ற வேண்டும். என்னை நிறுத்தியது இந்த இடம்தான்.

உத்திரமேரூரில் எங்கள் வீட்டில் கழிவறை இருக்கிறது, கழற்றும் கை மட்டும் வேறொருவருடையது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் காட்டி, குடவோலை பிறந்த ஊர் என்று மாணவிகளிடம் நானும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வரி கட்டும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேத அறிவு. ஓலையில் பெண் பெயர் வர வழியே இல்லை. ஏரிக்கு ஒரு வாரியம் இருந்தது. ஏரியில் தூர் வாருவதற்கு ஊர் நிபந்தம் வைத்தது. மலம் வாரியவர்களைப் பற்றி அந்தச் சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

எடுப்புக் கக்கூஸ்களை வாரி, கூடையில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013இல் இன்னொரு சட்டம், செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதையும் தடுத்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை உயர்ந்திருக்கிறது. ஆள் இறங்குவது நிற்கவில்லை.

சென்ற கார்த்திகையில் ஏரி நிறைந்தது. நான்காம் நாள் எங்கள் பேஸினில் ஊற்றிய நீர் இறங்கவில்லை. முதல் கேள்வி என் மகளிடம் போனது: "நாப்கின் எதையாவது போட்டியா?" அவள் போடவில்லை. வேறு காரணம் இருந்தது. நான் குழியின் மூடியைத் தள்ளிப் பார்த்தேன். உறைகளின் விளிம்புவரை தெளிந்த நீர். நிலத்தடி நீர் ஏறிவிட்டது. குழிக்குள்ளிருப்பது ஊற எங்கும் இடமில்லை. படகைப்போலத்தான், வெளியே நீர்மட்டம் உயர்ந்தால் உள்ளே திரும்பும். மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தினாலும் பலனில்லை. லாரி வைத்து உறிஞ்சினாலும் இரண்டே நாளில் ஊற்றெடுத்து நிறையும். குழியை மேடு கட்டி உயர்த்தியிருக்க வேண்டும், வீடு கட்டிய காலத்திலேயே.

மாமனார் போனை எடுத்துவிட்டார். "அவனை வரச் சொல்றேன்மா, இறங்கிப் பாத்துடுவான்." அவர் சொன்ன 'அவன்' மாமனாரைவிட ஐந்து வயது மூத்தவர்.

"வேண்டாம் மாமா. இது அடைப்பே இல்ல. ஏரி வடியட்டும்."

"அதுவரைக்கும் என்ன பண்றது?"

நானும் மகளும் மாமியாரும் மேட்டுத்தெரு அக்கா வீட்டுக்குப் போனோம். அவர் பின்கட்டுச் சாவியை எங்களிடமே கொடுத்துவிட்டார். விடிவதற்குள் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை, பதினோரு நாள். மாமியார் அந்நாட்களில் மாலைக் காப்பியை நிறுத்திவிட்டார். மாமனார் எப்போதும்போல, பட்டப்பகலில், ஏரிக்கரைப் பக்கம் நடந்து போய் வந்தார்.