வீட்டுக் காற்றில் பூஞ்சையும் ஒவ்வாமைப் பொருள்களும்: பரிசோதனை எப்போது தேவை?

விழுப்புரம், திண்டிவனம் பகுதி நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்குமான விளக்கம்

முன்னுரை

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அதனையொட்டி விழுப்புரம் மாவட்டத்தில் வரலாறு காணாத மழை பெய்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று. தென்பெண்ணை, சங்கராபரணி ஆறுகளின் கரையோர ஊர்களிலும் நகரங்களின் தாழ்வான பகுதிகளிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

வெள்ளம் வடிந்த பின்னரும் சுவரிலும் தரையிலும் தேங்கிய ஈரம் பல வாரங்கள் நீடிக்கும். அந்த ஈரத்தில் பூஞ்சை வளர்கிறது. பெருவெள்ளம் இல்லாத ஆண்டுகளிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒழுகும் கூரை, ஓதம் ஏறிய சுவர், காற்றோட்டமில்லாத அறை ஆகியவற்றால் இதே நிலை ஏற்படுகிறது. "வீட்டுக் காற்றைப் பரிசோதித்துப் பார்க்கலாமா?" என்பது ஆஸ்துமா நோயாளிகளும் குழந்தைகளின் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்வியாகும். அதற்கான விடையை இப்பக்கம் விளக்குகிறது.

சுருக்கமான விடை

- பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தாலோ, பூசண வாடை வீசினாலோ காற்றுப் பரிசோதனை தேவையில்லை. ஈரத்தின் மூலத்தைக் கண்டறிந்து சரிசெய்வதே முதற்பணி.
- பெரும்பாலான நோயாளிகளுக்கு வீட்டுக் காற்றைப் பரிசோதிப்பதைவிட நோயாளியைப் பரிசோதிப்பதே பயன் தரும்.
- பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்து மருந்தையோ இன்ஹேலரையோ தள்ளிப்போடக் கூடாது.

வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வாமைப் பொருள்கள்

*பூஞ்சை:* அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் போன்ற பூஞ்சைகளின் நுண்வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உள்ளன. ஈரமான சுவர், மரம், அட்டை, துணி ஆகியவற்றின்மீது படிந்தால் அவை ஓரிரு நாட்களிலேயே வளரத் தொடங்கிவிடும்.

*தூசி உண்ணிகள்:* இவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள், கடிப்பதில்லை. மனித உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களை உண்டு மெத்தை, தலையணை, போர்வை ஆகியவற்றில் வாழ்கின்றன. இவற்றின் கழிவே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. ஈரப்பதம் மிகுந்த கடலோர மாவட்டங்களில் இவை ஆண்டு முழுவதும் பெருகுகின்றன.

*கரப்பான் பூச்சி:* இதன் எச்சமும் உடற்துகள்களும் ஆஸ்துமாவைத் தூண்டும். சமையலறை, கழிவுநீர்க் குழாய், பழைய அட்டைப் பெட்டி ஆகியவை இதன் உறைவிடங்கள்.

இவை தவிர விறகடுப்புப் புகை, கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுவத்தி ஆகியவற்றின் புகையும் இருமலையும் இளைப்பையும் உண்டாக்கும். புகை ஒவ்வாமைப் பொருள் அன்று. ஆயினும் மூச்சுக்குழாயை அது நேரடியாக உறுத்துகிறது. சுவரிலுள்ள பூஞ்சையே காரணம் என்று முடிவு செய்வதற்கு முன் வீட்டில் புகையின் மூலங்கள் உள்ளனவா என்று பார்க்கவும்.

காற்றுப் பரிசோதனையின் வரம்புகள்

காற்றில் இத்தனை பூஞ்சை வித்துகள் இருக்கலாம், இதற்கு மேல் ஆபத்து என்று வரையறுக்கும் அளவு எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட, வீட்டு ஈரமும் பூஞ்சையும் குறித்த வழிகாட்டுதலும் அத்தகைய எண் எதனையும் நிர்ணயிக்கவில்லை. ஈரத்தைத் தடுப்பதையும் பூஞ்சையை அகற்றுவதையுமே வலியுறுத்துகிறது. எனவே ஆய்வக அறிக்கையில் வரும் எண்ணைக் கொண்டு ஒரு வீடு பாதுகாப்பானதா என்று கூற இயலாது.

மேலும் வித்துகளின் எண்ணிக்கை மணிக்கு மணி மாறும். மின்விசிறி சுழல்வது, வீடு பெருக்குவது, சன்னலைத் திறப்பது ஆகியவையே அதனை மாற்றிவிடும். சந்தையில் விற்கப்படும் பரிசோதனைப் பொருள்களைப் பற்றிப் பின்வருவனவற்றை அறிந்திருக்கவும்.

- *திறந்து வைக்கும் வளர்தட்டுகள்:* எந்த வீட்டில் வைத்தாலும் இவற்றில் பூஞ்சை வளரும். தட்டில் பூஞ்சை வளர்வதால் வீட்டில் நோய்க்காரணம் உள்ளது என்று பொருளாகாது.
- *நுண்துகள் அளவிடும் கருவிகள்:* இவை காற்றிலுள்ள புகை, தூசி ஆகியவற்றின் நுண்துகள்களை அளக்கின்றன. பூஞ்சையையோ தூசி உண்ணியையோ இவை பிரித்தறிவதில்லை.
- *ஈரப்பதமானி:* விலை குறைந்த எளிய கருவி. அறையின் சார்பு ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும். வீட்டில் வாங்கி வைக்கத் தக்க கருவி இது ஒன்றே. அறையின் ஈரப்பதம் தொடர்ந்து 60 சதவீதத்திற்கு மேல் இருந்தால் பூஞ்சையும் தூசி உண்ணியும் வளர ஏற்ற சூழல் உள்ளது என்று கொள்ளலாம்.

செலவின்றி வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

1. *முகர்ந்து பார்த்தல்:* சில மணி நேரம் வெளியே இருந்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தவுடன் பூசண வாடை வீசுகிறதா என்று கவனிக்கவும். வீட்டிலேயே இருப்பவர்களுக்கு அவ்வாடை பழகிப்போயிருக்கும். எனவே வெளியூரிலிருந்து வரும் உறவினரிடம் கேட்பதும் பயன்படும்.

2. *மறைவிடங்களைப் பார்த்தல்:* பீரோவின் பின்புறம், பரண், கட்டிலின் அடிப்பகுதி, குளியலறையை ஒட்டிய சுவர், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழுள்ள தளம், குளிர்சாதனப் பெட்டியின் அடியிலுள்ள நீர்த்தட்டு, ஏசியின் வடிகட்டி ஆகியவற்றை டார்ச் விளக்கால் பார்க்கவும்.

3. *உப்பா, பூஞ்சையா என்றறிதல்:* ஓதம் ஏறிய சுவரில் வெண்மையாகப் பூத்திருப்பது பெரும்பாலும் உப்பு. அதன்மீது சில துளி தண்ணீர் விடவும். கரைந்தால் உப்பு, கரையாமல் பஞ்சு போலவோ பிசுபிசுப்பாகவோ நின்றால் பூஞ்சையாக இருக்கலாம். உப்பு ஒவ்வாமையை உண்டாக்காது. ஆயினும் சுவரில் ஈரம் உள்ளது என்பதற்கு அதுவும் அறிகுறியே.

4. *பிளாஸ்டிக் தாள் சோதனை:* ஓரடி நீள அகலமுள்ள பிளாஸ்டிக் தாளை ஐயத்திற்குரிய சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் நன்கு மூடவும். இரண்டு நாட்கள் கழித்துப் பார்க்கவும். தாளின் சுவர்ப்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கூரை, குழாய், அடித்தளம் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். அறைப்பக்கம் மட்டும் நீர் கோத்திருந்தால் காற்றிலுள்ள ஈரம் சுவரில் படிகிறது. காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும்.

5. *அறிகுறிக் குறிப்பேடு:* இரண்டு வாரங்களுக்குத் தும்மல், இருமல், இளைப்பு, கண் அரிப்பு ஆகியவை எந்த நேரத்தில், எந்த அறையில், என்ன செய்தபோது வந்தன என்று எழுதவும். வெளியூர் சென்று தங்கிய நாட்களில் குறைந்ததா என்பதையும் குறிக்கவும். படுக்கையிலும் விடியற்காலையிலும் மிகுந்தால் தூசி உண்ணியும், பூசணம் பிடித்த அறைக்குள் சென்றதும் மிகுந்தால் பூஞ்சையும் காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் வரும்போது இக்குறிப்பேட்டைக் கட்டாயம் கொண்டுவரவும்.

நோயாளிக்குச் செய்யப்படும் பரிசோதனைகள்

நோயின் வரலாற்றைக் கேட்டறிதலும் உடற்பரிசோதனையுமே முதன்மையானவை. தேவைப்பட்டால் ஸ்பைரோமெட்ரி எனப்படும் ஊதிப் பார்க்கும் பரிசோதனை மூலம் மூச்சுக்குழாய் அடைப்பின் அளவும், மருந்துக்குப் பின் அது சீராகும் அளவும் கணக்கிடப்படும்.

தோல் குத்து பரிசோதனையும் ஐஜிஇ இரத்தப் பரிசோதனையும் எந்தப் பொருளுக்கு ஒவ்வாமை உள்ளது என்பதைக் காட்ட உதவும். தோல் பரிசோதனைக்கு முன் சளி, அரிப்பு மாத்திரைகள் சிலவற்றைச் சில நாட்கள் நிறுத்த வேண்டியிருக்கும். மருத்துவர் கூறினாலன்றி எதனையும் தாமாக நிறுத்தக் கூடாது. சோதனையில் ஒவ்வாமை காணப்பட்டாலும், நோயாளியின் அறிகுறிகளோடு பொருந்தினால் மட்டுமே அது நோய்க்குக் காரணமாகக் கொள்ளப்படும்.

கரும்பூஞ்சை பற்றிய அச்சம்

2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை என்று பரவலாகப் பேசப்பட்டது மியூகோர்மைகோசிஸ் என்னும் நோய். பாதிக்கப்பட்ட திசு அழிந்து கறுப்பதால் அப்பெயர் வழங்கலாயிற்று. சுவரில் தோன்றும் கருந்திட்டுகள் பொதுவாக வேறு வகைப் பூஞ்சைகள். அந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. நிறத்தைக் கொண்டு பூஞ்சையின் தீமையை அளவிட இயலாது. எந்நிறமாயினும் அகற்றப்பட வேண்டும்.

ஆயினும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர், நீண்டகாலம் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோர் ஆகியோருக்குப் பூஞ்சைத் தொற்று ஏற்படும் வாய்ப்பு அதிகம். இவர்களும் ஆஸ்துமா நோயாளிகளும், காசநோயால் நுரையீரல் பாதிக்கப்பட்டவர்களும் பூஞ்சையைச் சுத்தம் செய்யும் பணியில் ஈடுபடக் கூடாது. பணி முடிந்து அறை காயும் வரை அங்கு இருக்கவும் கூடாது.

பூஞ்சையை அகற்றும் முறை

- வெள்ளம் புகுந்த வீட்டில் மின்சாரத்தை முதன்மைச் சுவிட்சில் நிறுத்தி, மின்பணியாளர் சரிபார்த்த பின்னரே பணியைத் தொடங்கவும்.
- கசிவை முதலில் அடைக்கவும். ஈரம் நிற்காமல் சுத்தம் செய்தால் பூஞ்சை மீண்டும் வளரும்.
- என்-95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணாடி ஆகியவற்றை அணியவும். துணி முகக்கவசம் வித்துகளைத் தடுக்காது.
- உலர்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் பெருக்கவோ சுரண்டவோ கூடாது. வித்துகள் வீடு முழுவதும் பரவும். முதலில் நனைத்து, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்த்தவும்.
- பிளீச்சிங் பவுடருடன் கழிவறைக்குப் பயன்படுத்தும் ஆசிட்டையோ பிற சுத்தம் செய்யும் திரவங்களையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கும்.
- வெள்ளத்தில் ஊறிய இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, அட்டைப் பெட்டி ஆகியவற்றை அப்புறப்படுத்தவும். பூஞ்சை பிடித்த கோரைப்பாயையும் மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.
- ஈரச் சுவரின்மீது வண்ணம் பூசி மறைக்க வேண்டாம்.
- மூன்றடிக்கு மூன்றடிக்கு மேல் பூஞ்சை பரவியிருந்தால், அனுபவமுள்ள கட்டடப் பணியாளரின் உதவியை நாடவும்.

வாடகை வீட்டில் வசிப்போர் கசிவையும் பூஞ்சையையும் நாளிட்டுப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டு உரிமையாளரிடம் எழுத்து வடிவில் தெரிவிப்பது நல்லது.

தினசரிப் பராமரிப்பு

மழையற்ற நாட்களில் வெயில் ஏறிய பின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைக்கவும். நனைந்த துணிகளை நோயாளி உறங்கும் அறையில் உலர்த்த வேண்டாம். பீரோவைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கவும். போர்வை, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெப்பமுள்ள நீரில் துவைக்கவும். குழந்தைகள் அருகில் வராமல் பார்த்துக்கொள்ளவும். வெயில் நாட்களில் மெத்தையை வெளியே காயவைத்துத் தட்டவும். அதை நோயாளி செய்யக் கூடாது. தரையைத் துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைத்து உலரவிடுவது நல்லது.

வேளாண் குடும்பத்தினர் நெல், வேர்க்கடலை மூட்டைகளை உறங்கும் அறையில் அடுக்க வேண்டாம். பூசணம் பிடித்த வைக்கோலைக் கையாளும்போது எழும் தூசி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும், முகக்கவசம் அணியவும். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையில் கல்லீரலைப் பாதிக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு இருக்கலாம். அதனை உண்ணவோ, செக்குக்கு அனுப்பவோ, கால்நடைக்குக் கொடுக்கவோ கூடாது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் வீட்டிலுள்ள பூஞ்சையே காரணம் என்று எண்ணி இருந்துவிடாமல் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரவில் இளைப்பால் விழித்தல், இன்ஹேலரை அடிக்கடி பயன்படுத்த நேர்தல், காய்ச்சலுடன் மூச்சுத்திணறல் ஆகியவை இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ திண்டிவனம் அரசு மருத்துவமனையையோ அணுகவும். சிறப்பு மருத்துவரின் கருத்து தேவைப்படுவோர் முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம்.

பின்வரும் அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று இருந்தால் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்:

- ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாத மூச்சுத்திணறல்
- உதடு அல்லது நகம் நீலநிறமாதல்
- குழந்தைக்கு மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே குழி விழுதல், பால் குடிக்க இயலாமை
- இன்ஹேலர் பயன்படுத்தியும் இளைப்பு குறையாமை
- மயக்கம், குழப்பம்

ஆம்புலன்ஸ் வரும்வரை நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்த முறைப்படி நிவாரண இன்ஹேலரைக் கொடுக்கவும். பிற உடல்நல ஆலோசனைகளுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.