மூன்று கால்களின் கதை

கைலாசபுரத்தில் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். கொதிகலன் தொழிற்சாலைக்காரர்களுக்காக எழுந்த ஊர் அது. அத்திம்பேருக்கு அங்கேதான் உத்தியோகம். காப்பியைக் கையில் வாங்குவதற்குள் அக்காள் பிள்ளை ஒரு நீளமான தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினான். மேல்நாட்டில் வேட்டைக்காரர்களுக்கென்று செய்வதாம். நம் தேசத்தில் 1972-ஆம் வருஷத்துச் சட்டம் வந்த பிறகு மான் வேட்டையும் புலி வேட்டையும் பழங்கதையாகிவிட்டன. இவன் பச்சைமலைக்குப் போய்ப் பறவை பார்க்க வாங்கியிருக்கிறான்.

"60 மடங்கு பெரிசாக் காட்டும், மாமா!"

"அப்போ உன் கை நடுக்கத்தையும் 60 மடங்கு பெரிசாக் காட்டுமே!"

அவன் முகம் சுருங்கியது. உண்மையும் அதுதான். மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தோம். வேப்ப மரத்துச் செம்போத்து ஜுரம் கண்டதுபோல் நடுங்கிற்று. முக்காலி ஒன்று இல்லாமல் நடக்காது. ஆனால் பணமெல்லாம் கண்ணாடிக்கே போய்விட்டது. "ஏதாவது மலிவா ஒண்ணு வாங்கினாப் போதாதா?" என்றான். அக்காளோ, இனி ஒரு தம்பிடி கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் எனக்குத் தஞ்சாவூர் ஞாபகம் வந்தது. அந்த வீட்டு வாசலிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துப் பிரயாணம். அங்கே 1808-ல் நடந்த விபத்தை அவனுக்குச் சொன்னேன்.

வில்லியம் லாம்டன் என்ற துரை 1802-ல் சென்னைப் பரங்கிமலை அருகே பூமியை அளக்கத் தொடங்கினார். சங்கிலியால் ஒரு கோடு அளந்துகொண்டு, அதன்மேல் முக்கோணம் முக்கோணமாகத் தேசத்தையே அளந்து செல்வது அவர் முறை. கோணம் பார்க்க லண்டனில் செய்த தியோடலைட் ஒன்று வைத்திருந்தார். தூரதிருஷ்டிக் கண்ணாடியும் 36 அங்குல வட்டத் தட்டும் சேர்ந்த கருவி. எடை ஏறக்குறைய அரை டன். வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு அதைப் பிடித்து மோரீசுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள் என்பது தனிக் கதை.

மலைநாட்டில் அவருக்குக் கவலையில்லை. குன்றின் உச்சியில் கருவியை வைத்தால் பாறையே அதற்குக் கால். காவிரிப் படுகையில் வந்துதான் அகப்பட்டுக்கொண்டார். எங்கே பார்த்தாலும் வயல். வயலைத் தாண்டினால் தென்னந்தோப்பு. உயரமாக நிற்பவை கோபுரங்கள்தாம். ஆகவே தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். பாதியில் ஒரு கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அந்த அருமையான வட்டத் தட்டு கோணிப்போயிற்று.

மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. தொழிலாளிகள் சிலரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு கூடாரத்துக்குள் புகுந்தார். சரியான அளவில் ஒரு வட்டம் வெட்டி வைத்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு ஆறு வாரம் இழுத்து இழுத்துத் தட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். அளவை தொடர்ந்தது. சரித்திரம் துரையின் பெயரைச் சொல்கிறது. கயிறு பிடித்தவர்களின் பெயரைச் சொல்வதில்லை.

அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட், கங்கைச் சமவெளியில் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கோபுரங்களையே கட்டினார். கருவி நிற்கும் தூண் தனி, பார்க்கிறவர் நிற்கும் மேடை தனி என்பது அந்த அளவைக்காரர்களின் வழக்கம். ஆள் காலை மாற்றி வைத்தால் கருவி அதிரக் கூடாதல்லவா?

சென்னை நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலக வளாகத்தில் இன்னும் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் எழுந்த வானாராய்ச்சி நிலையத்துத் தூண். தமிழிலும் தெலுங்கிலுங்கூட அதில் எழுத்து வெட்டியிருக்கிறது. அது தாங்கிய கருவி சின்னது. தூணின் எடையோ 10 டன்! கண்ணாடி கொடிக்கோ கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரத்துக்கோ திரும்பலாம். கால் மட்டும் அசையக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்திருக்கிறார்கள்.

"எங்க ஆலையிலும் அப்படித்தான். மெஷினுக்கு முன்னாடி அஸ்திவாரத்தைத்தான் போடுவோம்" என்றார் அத்திம்பேர், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே.

அதற்குப் பிறகு பையனும் நானும் முக்காலி தேர்ந்தெடுக்கும் விஷயத்தை நிதானமாகப் பேசினோம். மூன்று கால் எந்த மேட்டிலும் பள்ளத்திலும் ஆடாமல் உட்காரும்; நம் வீட்டு அடுப்புக்கு மூன்று கல் வைத்த பாட்டிமாருக்குத் தெரிந்த கணக்கு அது. கால் தடிமனாக இருக்கட்டும். மடிப்புகள் குறைவாக இருக்கட்டும். மடிப்புக்கு மடிப்பு கால் மெலிந்துகொண்டே போகும். நடுத்தண்டை உயர்த்திவிட்டால் மூன்று காலும் வீண். கண்ணாடி ஒற்றைக் காலில் நிற்கும். காற்றடித்தால் பையை நடுவில் தொங்கவிடலாம். ரொம்ப உயரமும் வேண்டாம், பாறைமேல் உட்கார்ந்து பார்த்தால் போகிறது. சுமக்க முடியாத கனத்தையும் வாங்கக் கூடாது. லாம்டனுக்குக் கூலியாட்கள் இருந்தார்கள், இவனுக்கு இவன் தோள்தான்.

"மூணு மாசம் பொறுத்து நல்லதா வாங்கிக்கறேன், மாமா" என்றான்.

ஊருக்குத் திரும்பியதும் என் எழுத்து மேஜையைப் பார்த்தேன். அதன் ஒரு காலடியில் நாலாக மடித்த காகிதம் பத்து வருஷமாய் இருக்கிறது. மறுநாளே தச்சருக்குச் சொல்லியனுப்பினேன்.