பால் பேதமற்ற உடைகளும் உடலமைப்பும்

ஆண் என்றும் பெண் என்றும் பிரிக்காமல், ஒரே வெட்டில், ஒரே அளவு வரிசையில் தைக்கப்பட்டு, விருப்பமுள்ள எவரும் வாங்கி உடுத்தும்படி விற்கப்படும் மேலாடைகளும் உள்ளாடைகளும் பால் பேதமற்ற உடைகள் எனப்படும். 1960-களின் பிற்பகுதியில் ‘யுனிசெக்ஸ்’ என்ற பெயருடன் அமெரிக்க ஐரோப்பிய நகரங்களில் பரவிய இவை, 1970-இல் ரூடி கெர்ன்ரைக் என்ற அமெரிக்க உடை வடிவமைப்பாளர், ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தலைமுடி மழித்து, ஒரே உடையை அணிவித்து நிறுத்திக் காட்டியபோது பெரும் பிரசித்தி அடைந்தன. இத்தகைய உடையை அணியும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால், உரிமை உண்டு என்பதனாலேயே அது எல்லோருடைய சரீரத்துக்கும் சௌகரியமாகப் பொருந்திவிடுமா என்பது வேறு விஷயம். அதற்கான விடை, துணி உடலை எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

வெட்டாத துணி

உடலை நெருங்காத உடையில் இந்தப் பிரச்சினை எழுவதே இல்லை. தமிழ்நாட்டில் கைலி என்றும் இலங்கையில் சாரம் என்றும் வழங்குவது, இரு முனைகளையும் மூட்டிய வெறும் துணியே. இடுப்புக்கு மிஞ்சியதை மடித்துச் செருகிக்கொள்வதால், மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் அதே துணி போதுமானதாகிறது. மலாய் மக்களிடையே ஆடவரும் பெண்டிருமாகிய இரு சாராரும் சாரம் உடுத்துகிறார்கள். அங்கே மாறுபடுவன செருகும் முறையும், கட்டமோ பூவேலையோ என்னும் அலங்காரமுமே தவிர, துணியின் அமைப்பன்று. ஜப்பானியரின் கிமோனோவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உடைய ஒரே துணிச்சுருளிலிருந்து அதை நேர்க்கோட்டுத் துண்டங்களாக வெட்டுகிறார்கள். மிகுதியான துணியைக் கத்தரித்து எறியாமல் தையலுக்குள் மடித்து வைக்கிறார்கள். பெண்கள் தங்கள் உயரத்தைவிட நீண்ட கிமோனோவை அணிந்து, மிஞ்சிய நீளத்தை இடுப்பில் மடித்துக் கட்டுகிறார்கள். உடலுக்கேற்பத் துணியை வெட்டும் வேலையை இங்கே உடுத்துபவருடைய கைகளே மடிப்பினால் செய்து முடித்துவிடுகின்றன. நம் உழவர்கள் கட்டிய கோவணத்துக்கும், ஜப்பானியர் கட்டிய ஃபுண்டோஷிக்கும் அளவு எண் என்று ஒன்று இல்லாததன் காரணமும் இதுவே.

ஐரோப்பாவிலும் 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஆண்களும் பெண்களும் ஏறத்தாழ ஒரே மாதிரியான நீண்ட தளர்ந்த அங்கியையே அணிந்து வந்தனர். துணியை வளைவாக வெட்டி உடலோடு ஒட்டத் தைக்கும் வித்தை வளர்ந்த பிறகே, ஆடவர் உடை குட்டையாகிக் கால்களைப் பிரித்துக் காட்டியதும், பெண்டிர் உடை மார்போடு இறுகிக் கீழே விரிந்ததும் நிகழ்ந்தன. உடையில் நாம் இன்று காணும் பால் பேதத்தில் ஒரு பெரும் பாகம், இவ்வாறு தையற்காரரின் கத்தரிக்கோல் உடலை நெருங்கியதன் பலனாகும்.

வெட்டிய துணி

‘யுனிசெக்ஸ்’ என்ற சீட்டுடன் இன்று கடைகளில் தொங்கும் சட்டைகளிலும் டி-சர்ட்டுகளிலும் பெரும்பாலானவை, ஆண் உடலுக்கென்று வரைந்த பேட்டர்னை வைத்து வெட்டியவையே. அச்சட்டையின் முன்பாகம் தட்டையானது, தோள் அகலமானது, பக்கத் தையல் அக்குளிலிருந்து கீழ்வரை ஏறக்குறைய நேராக இறங்குவது. மார்பகம் பருத்த ஒருவர் அதை அணிந்து நிற்கும்போது நிகழ்வதைக் கூர்ந்து கவனித்தால் விஷயம் விளங்கும்: மார்பின் மேடு துணியைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் சட்டையின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட உயர்ந்து தூக்கிக்கொள்கிறது; அக்குளிலிருந்து மார்பை நோக்கிச் சுருக்கங்கள் சாய்வாக ஓடுகின்றன; இரண்டு பொத்தான்களுக்கு நடுவே துணி வாய் பிளக்கிறது. அடுத்த பெரிய அளவை எடுத்தால் மார்பு அடங்கிவிடும். ஆனால் தோள் தையல் புயத்தில் இறங்கிவிடும், கழுத்து அகன்றுவிடும், கை மணிக்கட்டைத் தாண்டிவிடும். ரவிக்கை தைப்பவர் டாட் பிடிப்பது இதற்காகவே. மார்பின் உச்சியை நோக்கித் துணியை முக்கோணமாக மடித்துத் தைப்பதால் தட்டையான துணியில் ஒரு குழிவு உண்டாகிறது; அக்குழிவில் மார்பு அமைகிறது. டாட் உள்ள முன்பாகம் தட்டை மார்பின்மேல் வெறுமையாக உப்பி நிற்கும். டாட் இல்லாத முன்பாகம் பருத்த மார்பில் இழுபடும். இரண்டுக்கும் ஒருசேரப் பொருந்தும் முன்பாகம் ஒன்றை, தொளதொளவென்று தைத்தாலொழிய, எந்தத் தையற்காரரும் வெட்ட இயலாது.

கால்சட்டையில் இதே சங்கடம் இடுப்புக்கும், தையற்காரர் சீட் என்று சொல்லும் புட்டப் பகுதிக்கும் இடையில் நேர்கிறது. பெண்களுக்கு இவ்விரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம் சராசரியாக அதிகமாதலால், சீட்டுக்குச் சரியான ஆண் கால்சட்டை முதுகுப்புறம் இடுப்பில் இடைவெளி விட்டு நிற்கும். அமெரிக்க மேற்குப் பகுதியின் பண்ணைகளில் பெண்கள் ஆண்களின் ஜீன்ஸை அணிந்து உழைத்துக்கொண்டிருந்த காலத்தில், லீவைஸ் நிறுவனம் 1934-இல் 701 என்ற எண்ணிட்டுப் பெண்களுக்கென்று தனி ஜீன்ஸ் வெளியிட்டதற்கு இத்தேவையும் ஒரு காரணம் எனலாம்.

இதனால் மனித குலத்துக்கு ‘ஆண் உடல்’, ‘பெண் உடல்’ என்று இரண்டே அச்சுகள்தாம் உண்டு என்று முடிவு கட்டுவதும் பெரும் பிழையாகும். பால் பேதத்தைச் சராசரிகள் காட்டுகின்றன. உடையையோ சராசரி அணிவதில்லை, ஒவ்வொரு தனி மனிதரும் அணிகிறார்கள். 1950-இல் அமெரிக்க விமானப் படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் 4,063 விமானிகளின் அளவுகளை ஆராய்ந்தார். உயரம், மார்பளவு, கை நீளம் முதலிய பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நடுவிலுள்ள நூற்றுக்கு முப்பது பேரைச் சராசரியாளர் என்று தாராளமாகவே வரையறுத்துப் பார்த்தபோது, பத்திலும் சராசரியாக அமைந்தவர் ஒருவர்கூட இல்லை என்று கண்டார். அனைவரும் ஆண்கள், அனைவரும் படையில் சேருவதற்கான உடல் தகுதியில் தேர்ந்தவர்கள், அப்படியிருந்தும் அவர்களுக்குள்ளேயே ஒரே அச்சு கிடைக்கவில்லை. ஒரு பாலுக்குள்ளேயே இந்நிலை என்றால், இரு பாலாரையும் ஒரே வெட்டில் அடக்க முயல்வதன் கஷ்டம் சொல்லாமலே விளங்கும். அதே சமயம், பால் ஒன்றை மட்டும் அறிந்துகொண்டு ஒருவருடைய உடலை அறிந்துவிட்டதாக எண்ணுவதன் பேதைமையும் விளங்கும்.

அமெரிக்கத் தரைப்படையில் நேர்ந்த ஒரு சம்பவம் இதற்குச் சிறந்த உதாரணம். படையின் பொதுச் சீருடை பெண் வீரர்களுக்குத் தோளில் தொங்கி, சீட்டில் இறுகியது என்ற குறையைத் தீர்க்க, தோளைக் குறுக்கி, சீட்டின் அகலத்தைக் கூட்டி, பெண்களுக்கென்றே ஒரு சீருடையை வடிவமைத்தார்கள். அதை அணிந்து பார்த்த மெலிந்த, உயரம் குறைந்த ஆண் வீரர்களுக்கும் அதுவே நன்றாகப் பொருந்தியது. உடனே படையினர் பெயரிலிருந்து ‘பெண்’ என்ற சொல்லை நீக்கி, ‘மாற்று’ச் சீருடை என்று பெயரிட்டு இரு பாலாருக்கும் வழங்கினார்கள். உண்மையில் பால் பேதமற்ற உடை என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் இல்லை என்பது இக்கட்டுரையின் அபிப்பிராயம்: வெட்டுகளின் எண்ணிக்கை கூடியது, பெயர்ச்சீட்டு மட்டும் நீங்கியது. இதற்கு மாறான பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாசா அனுபவித்தது. விண்வெளி நடைக்கான உடை இரு பாலாருக்கும் பொதுவானது. ஆனால் 2019 மார்ச் மாதத்தில் ஆன் மக்ளேன், கிறிஸ்டினா கோக் ஆகிய இரு பெண்மணிகளும் ஒருசேர வெளியே செல்லவிருந்தபோது, இருவருக்கும் வேண்டியிருந்த நடுத்தர அளவு மேலுடல் கவசம் ஒன்றுதான் தயாராக இருந்தது. ஏற்பாட்டை மாற்றி, கோக்குடன் ஓர் ஆண் வீரரை அனுப்பினார்கள். பெண்கள் இருவர் மட்டும் சேர்ந்து நடத்திய முதல் விண்வெளி நடை அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் தேதி வரை தாமதமாயிற்று.

உள்ளாடை

உடலுக்கு மிக அருகில் இருப்பது உள்ளாடையாதலால், இவ்வாராய்ச்சி முழுவதும் வந்து சேருமிடம் இதுவே. பெண்களை இறுக்கிய உள்ளுடைகளிலிருந்து விடுவிக்க வேண்டுமென்று 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் எழுந்த உடைச் சீர்திருத்த இயக்கத்தினர், மேலும் கீழும் ஒன்றாய்த் தைத்த ‘யூனியன் சூட்’ என்ற கம்பளி உள்ளாடையைப் பரப்பினர். அதற்கு 1868-இல் காப்புரிமை பெறப்பட்டது. பெண் விடுதலைக்காகப் பிறந்த அவ்வுடையைப் பிற்பாடு ஆண்களே மிகுதியாக அணிந்தனர். அது தளர்ந்து தொங்கியது; ஆகையால் இருவருக்கும் பொருந்தியது. 1935-இல் சிகாகோ நகரில் ஜாக்கி நிறுவனத்தின் முன்னோடியான கூப்பர்ஸ் கம்பெனி இறுக்கமான ஜட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, உள்ளாடை உடலை ஒட்டியது, ஒட்டியதும் பிரிந்தது.

ஆண் ஜட்டி ஒன்றையும் பெண் ஜட்டி ஒன்றையும் மேஜைமீது விரித்து வைத்துப் பார்த்தால், இந்தப் பிரிவினை வீண் சம்பிரதாயமன்று என்பது தெரியும். ஆண் ஜட்டியின் முன்பாகம் இரண்டு வளைந்த துண்டங்களை நடுவில் மூட்டியது. அவ்வளைவினால் ஒரு பை உண்டாகிறது. விரைகள் உடலின் உட்சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி சென்டிகிரேடு குளிர்ந்திருக்க வேண்டும் என்பது இயற்கையின் ஏற்பாடு; ஆதலால் அவற்றை நசுக்காமலும் தொடையோடு அழுத்தாமலும் தாங்குவது இப்பையின் பணி. ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 656 ஆண்களிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தளர்ந்த பாக்சர் அணிந்தவர்களின் விந்தணுச் செறிவு மற்றவர்களைவிட நூற்றுக்கு 25 பங்கு மிகுந்திருந்தது. பெண் ஜட்டியின் முன்பாகமோ தட்டையானது. கவட்டில் இரட்டைப் பருத்தித் துணி வைத்து மூட்டியது. அத்துண்டு ஈரத்தை உறிஞ்சுவதற்கும், மாதவிலக்கின்போது நாப்கின் நகராமல் ஒட்டி நிற்பதற்கும் இன்றியமையாதது. ஒருவருடையதை மற்றவர் அணிந்தால், பை உள்ளது வெறுமையாய்ச் சுருண்டு நாப்கினை நிலைகொள்ள விடாது. தட்டையானது நெருக்கி உராய்ந்து புண்ணாக்கும்.

திருப்பூரில் பின்னலாடை வெட்டுபவர்கள், லைக்ரா கலந்த துணி வந்த பிறகு இக்குறைகளெல்லாம் தீர்ந்துவிட்டன என்று சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. 1958-இல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்து ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த, லைக்ரா என்று வழங்கும் ஸ்பான்டெக்ஸ் இழை, பல மடங்கு நீண்டு மீண்டும் தன் நிலைக்குத் திரும்புவது. பருத்தியோடு சிறிதளவு சேர்த்துப் பின்னினாலே ஒரே ஜட்டி பல இடுப்புகளுக்கு இணங்கிவிடும். ஆயினும் நீட்சி அளவை ஈடுசெய்யுமே அல்லாது வடிவத்தை ஈடுசெய்யாது. நீண்ட துணி எங்கே மேடிருக்கிறதோ அங்கே அழுத்தும். நாள் முழுவதும் அழுத்தும். பால் பேதமற்றவை என்று விற்கும் பாக்சர் ஜட்டிகளில் நல்லவை, எலாஸ்டிக்கை மட்டும் நம்பாமல், கவட்டில் அகன்ற துண்டு வைத்து, முன்பாகத்தை இரட்டைத் துணியில் அமைத்து, கால்பகுதியைத் தொடையின் நடு வரை இறக்கியவையே.

மார்புக் கச்சையைப் பற்றி நீண்ட விசாரணை வேண்டியதில்லை. மார்பகம் உள்ளவருக்கு அது தாங்கல். இல்லாதவருக்கு அதனால் பிரயோஜனமில்லை. எனினும் ஒரு வரலாற்றுச் செய்தி நினைவு கூரத்தக்கது. ஓடும் பெண்களுக்கென்று 1977-இல் அமெரிக்காவில் லீசா லிண்டாலும் அவருடைய தோழியரும் உருவாக்கிய விளையாட்டுக் கச்சையின் முதல் மாதிரி, ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் தாங்கு ஜட்டிகள் இரண்டைச் சேர்த்துத் தைத்ததே. அசையும் அவயவத்தைத் தாங்குவது என்ற தத்துவம் இரு பாலாருக்கும் பொது, வடிவம் வேறு.

திருநம்பியர், திருநங்கையர் ஆகியோருக்கு இது சௌகரியத்தோடு மட்டும் முடியும் விஷயமன்று. மானத்தோடு நடமாடுவதற்கான அவசியம். நாப்கின் வைக்கக்கூடிய பாக்சர் ஜட்டியைத் தேடும் திருநம்பிக்கும், பை தெரியாமல் ஆனால் நசுக்காமல் அடக்கும் ஜட்டியைத் தேடும் திருநங்கைக்கும், ஆண் பகுதி, பெண் பகுதி என்று பிரிந்த கடையின் இரு பகுதிகளும் உதவுவதில்லை. ‘எல்லோருக்கும் ஒன்று’ என்ற பொதுச் சரக்கும் உதவுவதில்லை. மார்பைத் தட்டையாக்கும் பைண்டரை எட்டு மணி நேரத்துக்கு மேல் அணியலாகாது, அணிந்தபடி உறங்கலாகாது என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். தவறான அளவு மூச்சையும் விலாவையும் வருத்தும்.

குழந்தைகள் விஷயம் எளிது. பருவம் எய்தும் வரையில் தோள், இடுப்பு, மார்பு ஆகியவற்றில் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பேதம் மிகச் சொற்பமாதலால், கேரளத்தில் வளையன்சிறங்கரை அரசு ஆரம்பப் பள்ளி எல்லாக் குழந்தைகளுக்கும் முக்கால் கால்சட்டையும் சட்டையும் சீருடையாக்கியதில் பொருத்தக் குறைவுக்கு வழியே இல்லை. ஓடவும் மரமேறவும் அதுவே உகந்தது. 2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டத்துப் பாலுசேரி அரசு மேல்நிலைப் பள்ளி, பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு ஒரே சீருடை என்ற அதே முறையைக் கொண்டுவந்தபோது, எதிர்த்தவர்கள் பண்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். அவ்வயதில் கவனிக்க வேண்டியது வேறு: ஒரே சீருடை என்று முடிவு செய்யலாம், ஆனால் ஒரே பேட்டர்ன் என்று முடிவு செய்யலாகாது.

உள்ளாடை தைத்து விற்போருக்கு ஒரு வேண்டுகோள். இன்று ஜட்டிப் பெட்டியின்மேல் 85, 90 என்று ஒரேயோர் எண்ணும், ஓர் ஆணின் அல்லது பெண்ணின் படமும் இருக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக இடுப்பு, சீட், கவட்டின் ஆழம் ஆகிய மூன்று அளவுகளையும், முன்பாகம் பை வைத்ததா தட்டையா என்பதையும் அச்சிடுங்கள். அதை யார் அணிவது என்பதை வாங்குபவரிடம் விட்டுவிடுங்கள்.