ஈரம் குடிக்கும் துணி

சமையலறையில் அடிக்கடி தேவைப்படுவதும், எவரும் மதிக்காததுமான பொருள் ஒன்று உண்டு. அதுதான் பாத்திரம் துடைக்கும் துணி. இதற்கும் ஒரு வரலாறா என்று நீங்கள் வியக்கலாம். உண்டு, அது துளைகளின் வரலாறு.

பழைய வேட்டித் துண்டு ஏன் ஈரத்தை உறிஞ்சுகிறது? பருத்தி, செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. செல்லுலோஸ் மூலக்கூறுகள் நீர் மூலக்கூறுகளைக் கவர்ந்து பற்றிக்கொள்ளும். மேலும், இழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய சந்துகளில் நீர் புகுந்து தங்கும். ஐரோப்பியர் கண்ணாடிக் கோப்பைகளைத் துடைக்கும் லினன் துணிக்கும் இதே தன்மை உண்டு.

மரக்கூழிலும் செல்லுலோஸ் இருக்கிறது. அதை எரிசோடாவுடனும், பின்னர் கார்பன் டைசல்பைடுடனும் வினைபுரியச் செய்தால் தேன் போன்ற குழம்பு கிடைக்கும். இதுவே விஸ்கோஸ். 1892-இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் இதற்குக் காப்புரிமை பெற்றனர். இக்குழம்பை நூலாக இழுத்தால் ரேயான் ஆகும்.

இதிலிருந்து பஞ்சும் செய்யலாம். எவ்வாறு? குழம்பில் சோடியம் சல்பேட் படிகங்களைக் கலந்து சூடாக்குவார்கள். செல்லுலோஸ் கெட்டியாகும், படிகங்கள் கரைந்து வெளியேறும். படிகம் இருந்த இடமெல்லாம் துளை! 1949-இல் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் கர்ட் லிண்ட்குவிஸ்ட், செல்லுலோஸையும் பருத்தி இழைகளையும் சேர்த்து, பஞ்சு போல் நீரை உறிஞ்சும் துணியை உருவாக்கினார். உலர்ந்தால் இது அட்டைபோல் விறைக்கும், நனைந்தால் மெத்தென்றாகும்.

ஆனால், நீருக்கு இடந்தரும் துளை நுண்ணுயிர்களுக்கும் இடந்தருமல்லவா? ஈரமும் உணவுத் துணுக்கும் இருந்தால் அவை விரைவில் பெருகும். ஜெர்மனியில், வீடுகளில் பயன்பட்ட 14 சமையலறைப் பஞ்சுகளை ஆராய்ந்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு கன சென்டிமீட்டரில் 5,000 கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் இருந்த இடங்களும் அவற்றில் காணப்பட்டன! இவை அனைத்தும் தீங்கு செய்பவை அல்ல. ஆயினும், பச்சை இறைச்சியோ மீனோ பட்ட இடத்தைத் துடைத்த துணியால் உண்ணும் தட்டைத் துடைத்தால், நோய்க்கிருமிகள் தட்டுக்கு வந்துவிடக்கூடும்.

எனவே, இன்று உங்கள் வீட்டுத் துணியைத் தொட்டுப் பாருங்கள். அது ஈரமாகச் சுருண்டு கிடக்கிறதா? சோப்புப் போட்டுத் துவைத்து, நன்கு பிழிந்து, வெயிலில் விரித்துப் போடுங்கள். பச்சை இறைச்சி பட்ட இடத்துக்குத் தனித் துணி வையுங்கள். நைந்ததைக் கழித்துவிடுங்கள். துணி ஈரத்தைக் குடிப்பது நமக்கு நன்மை; குடித்த ஈரத்தை உலர்த்துவது நம் கடமை.