விலைப்பட்டியலில் இல்லாத வேலை: சாலைப் பணியிடப் போக்குவரத்துத் திட்டம் குறித்து

சாலையோரம் பள்ளம் தோண்டினால் போக்குவரத்து ஏன் குலைகிறது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன: விதிகள் இல்லை, இருந்தாலும் யாரும் மதிப்பதில்லை. முதல் விடை தவறு. இந்திய சாலைக் காங்கிரஸின் எஸ்பி 55 வழிகாட்டி, 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தில், பணியிடத்தை முன்னெச்சரிக்கைப் பகுதி, வண்டிகள் தடம் மாறும் பகுதி, வேலை நடக்கும் பகுதி, பழைய தடத்துக்குத் திரும்பும் பகுதி என்று பகுத்து, எங்கே எந்தப் பலகை, எந்தத் தடுப்பு என்றும் சொல்லிவிடுகிறது. இரண்டாம் விடை பாதி உண்மை; ஆனால் அது காரணத்தை ஆராயாமல் குணத்தைப் பழிக்கிறது. விதி தெரிந்த பொறியாளரும் அனுபவமுள்ள ஒப்பந்ததாரரும் இருக்கும் இடத்திலேயே திட்டம் காகிதத்தோடு நின்றுவிடுகிறது என்றால், கோளாறை ஒப்பந்தத்தின் விலைப்பட்டியலில் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் சாலை, பாலப் பணி விவரக்குறிப்பில் 112ஆம் பிரிவு, பணிக்காலப் போக்குவரத்து ஏற்பாடுகளைப் பற்றியது. தற்காலிக மாற்றுப்பாதை அமைத்தால் நீள அளவில் பணம் உண்டு. மற்ற ஏற்பாடுகளும் அவற்றின் பராமரிப்பும் பணியோடு சேர்ந்தவை, ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்று அது முடித்துக்கொள்கிறது. தடுப்பு, இரவு விளக்கு, எச்சரிக்கைப் பலகை, கொடி காட்டும் ஆள் எல்லாம் ஒப்பந்தத் தொகைக்குள் அடக்கம். ஜல்லிக்குக் கன மீட்டர் கணக்கு உண்டு, கம்பிக்கு டன் கணக்கு உண்டு. விளக்கு எரிந்த இரவுகளுக்குக் கணக்கில்லை. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற முறையில் இதன் விளைவை ஊகிப்பது கடினமல்ல. இந்த ஏற்பாடுகளுக்கு நேர்மையாகச் செலவு கணித்துத் தொகையை உயர்த்திக் கேட்பவர் ஏலத்தில் தோற்பார். கணிக்காதவர் வென்று, பிறகு அந்தச் செலவைச் சாலையில் மிச்சம் பிடிப்பார்.

மிச்சம் முதலில் நீளத்தில் பிடிக்கப்படும். ஒரு தடத்தை மூடும்போது வண்டிகளை அடுத்த தடத்துக்குத் திருப்பும் கூம்புகளின் சாய்வு வரிசை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்கப் போக்குவரத்துக் கையேட்டில் சூத்திரமே உண்டு: 12 அடித் தடத்தை மூட, மணிக்கு 30 மைல் வேகச் சாலையில் 180 அடி, 60 மைலில் 720 அடி. இங்கே வேகம் இரு மடங்காக, நீளம் நான்கு மடங்காகிறது. அங்கே குறையும் ஒவ்வொரு கூம்பும் வண்டியோட்டியின் கையிலிருந்து பறிபோகும் நேரம். அதற்கு விலை வைக்காத ஒப்பந்தம், அதைச் சுருக்குவதற்குப் பரிசு தருகிறது.

இதற்கு மறுப்பாக, சட்டம்தான் இருக்கிறதே என்பார்கள். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, சாலைத் தரங்களைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. வரவேற்கத்தக்க பிரிவுதான். ஆனால் அது ஒருவர் இறந்த பிறகோ ஊனமுற்ற பிறகோதான் விழிக்கிறது. விபத்து நடக்காத முந்நூறு இரவுகளில் விளக்கு எரியவில்லை என்பதை அது கேட்பதில்லை. கோடிகளில் நடக்கும் பணிக்கு ஒரு லட்சம் என்ன பாரம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தனி விலை தந்தால் அரசின் செலவு கூடும் என்பது அடுத்த மறுப்பு. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒப்பந்தத் தொகை நிச்சயம் கூடும். ஆனால் அந்தச் செலவு இப்போதும் இருக்கிறது. நெரிசலில் எரியும் டீசலாக, பேருந்தில் கழியும் மணியாக, மருத்துவமனைச் செலவாக வழிப்போக்கர் தலையில் விழுகிறது. கணக்கில் வராத செலவை யாரும் குறைக்க முனைவதில்லை என்பதுதான் சிக்கல்.

விலை வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாததும் அல்ல. லண்டனில் 2012 முதல் நெரிசல் மிக்க சாலைகளில் நெரிசல் நேரத்தில் இடத்தை அடைத்து வேலை செய்தால், நாளொன்றுக்கு 2,500 பவுண்டு வரை தட வாடகை உண்டு. இரவில் செய்தால் வாடகையைத் தவிர்க்கலாம். அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் ஒப்பந்தப்புள்ளி மதிப்பீட்டில் பணிச் செலவோடு, கேட்கும் நாட்களைச் சாலைப் பயனர் இழப்பால் பெருக்கிச் சேர்க்கிறார்கள். நம் ஊரில் தோண்டுவது பெரும்பாலும் அரசு அமைப்புகளே, வாடகை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குத்தானே போகும் என்று கேட்கலாம். அமைப்புக்கு விதித்தால் அப்படித்தான் ஆகும். நாட்கணக்காக ஒப்பந்ததாரரின் பில்லில் கழித்தால் ஆகாது.

சென்னையில் மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் ஏறத்தாழ 119 கிலோமீட்டர். ஆற்காடு சாலை, ராஜீவ் காந்தி சாலை போன்ற இடங்களில் தடுப்புகள் ஆண்டுக்கணக்கில் நின்றிருக்கின்றன. இத்தனை காலம் நிற்பதைத் தற்காலிகம் என்று அழைப்பதே சொற்பிழை. வண்டிக்காரர் சுற்றுவழி தேடிக்கொள்வார். நடப்பவருக்கும், பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கும் சுற்றுவழி கிடையாது; நடைபாதை அடைபட்டால் அவர் வண்டிகளுக்கு நடுவே இறங்குகிறார். ஆகவே நகர்ப்புற ஒப்பந்தப்புள்ளிகளிலாவது, தடுப்பும் விளக்கும் ஒளிரும் இரவுக் கணக்கிலும், தற்காலிக நடைபாதை மீட்டர்-நாள் கணக்கிலும் தனி உருப்படிகளாக இடம்பெற வேண்டும். நேரில் அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்த பிறகே அவற்றுக்குப் பணம் தர வேண்டும்.