மறைமுகச் செலவும் தமிழர் குடிநுழைவு நிதியும்

வணிகவியல் பயிலும் உறவுக்காரப் பிள்ளை ஒருவர், 'மறைமுகச் செலவு' என்றால் என்னவென்று அண்மையில் என்னிடம் வினவினார். உற்பத்திப் பொருளோடு நேரே இணைத்துக் காட்ட இயலாத செலவு என ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆயினும், நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றிலேயே அதற்கு நல்லதொரு சான்று உண்டு. எனவே சற்று விரித்து எழுதுகிறேன்.

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளியின் கூலி நேரடிச் செலவாகும். இத்தனை இராத்தல் ரப்பருக்கு இவ்வளவு கூலி என்று கணக்கிட்டுவிடலாம். துரையின் சம்பளம், கிராணியின் சம்பளம், பங்களாவின் பராமரிப்பு ஆகியவை அப்படியல்ல. மழைக்காலத்தில் பால் குறைந்தாலும் அவை குறைவதில்லை. ஏதேனும் ஓர் அளவுகோலைக் கொண்டு அவற்றைப் பங்கிட வேண்டும். எந்த அளவுகோல் என்பதில்தான் வழக்கே பிறக்கிறது.

தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுவரும் செலவில் இவ்வழக்கு கடுமையாக எழுந்தது. தொடக்கத்தில் தோட்டங்கள் தத்தம் கங்காணிகளை ஊருக்கு அனுப்பி ஆள் சேர்த்தன. இரயில் கட்டணமும் கப்பல் கட்டணமும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. வந்து சேர்ந்தவரைப் பக்கத்துத் தோட்டம் ஆசைகாட்டி இழுத்துக்கொள்வதும் உண்டு. செலவு ஒரு துரைக்கு, ஆள் இன்னொரு துரைக்கு!

இதற்குத் தீர்வாக 1907-ஆம் ஆண்டில் மலாயாவில் குடிநுழைவுக் குழு அமைக்கப்பட்டு, தமிழர் குடிநுழைவு நிதி உருவாயிற்று. தாம் ஆள் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் அந்நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும். தொழிலாளர் உழைத்த நாட்களின் எண்ணிக்கையே அளவுகோல். காலாண்டுக்கு ஒருமுறை கணக்கு. பயணச் செலவும் கங்காணிக்குரிய ஆள்சேர்ப்புத் தொகையும் இந்நிதியிலிருந்தே வழங்கப்பட்டன. ஒரு தோட்டத்தின் தனிச்செலவு இவ்வாறு தொழில்துறை முழுமைக்கும் பொதுவான மறைமுகச் செலவாக மாறிற்று.

கப்பல் கட்டணம் தொழிலாளியின் தலையிலிருந்து இறங்கியது நன்மையே, மறுக்கவில்லை. ஆனால் இதனை முதலாளிகளின் கருணை என எழுதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. செலவு பொதுவானதும் ஆள்வரவு பெருகியது. ஆள் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும்போது எந்தத் துரை கூலியை உயர்த்துவார்? நிதிக்குக் கட்டிய பணத்தைக் குறைந்த கூலியின் வழியே அவர்கள் திரும்பப் பெற்றனர் என்பதே என் கருத்து. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, வேலையிழந்தோரை ஊருக்குத் திருப்பி அனுப்பவும் இதே நிதி பயன்பட்டது.

1938-இல் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளரை உதவிப்பயணத்தில் அனுப்புவதற்குத் தடை விதித்தது. கங்காணிமுறை ஆள்சேர்ப்பு அத்தோடு முடிவுற்றது. நிதி மட்டும் முடியவில்லை. பின்னாளில் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்னும் பெயரோடு தொடர்ந்தது.