இறக்கை இல்லாத பறவை

இறக்கையில்லாமல் பறக்க வைப்பது கதாசிரியனுக்குச் சுலபம். ஒரு வாக்கியம் போதும். டேல் ரீட் என்ற அமெரிக்க என்ஜினீயரோ அதை மெய்யாகவே செய்து காட்ட வேண்டியிருந்தது.

விண்வெளியிலிருந்து திரும்பும் கலம் காற்றைக் கிழித்து வரும்போது தகிக்கும். மெல்லிய இறக்கைக்கு அந்தச் சூடு ஆகாது. மொண்ணையான உடல் தாங்கும்; ஆனால் போன போக்கில் விழும். சரி, உடலையே காற்று ஏந்தும்படி வடித்தால் என்ன? கூம்பை நெடுக்காகப் பிளந்து, தட்டைப் பக்கம் மேலாக வைத்தார்கள். 1963-ம் ஆண்டில், கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகையில், ஒட்டுப்பலகை உடல் கொண்ட எம்2-எஃப்1-ஐ ஒரு பான்டியாக் கார் கயிறு கட்டி இழுத்தது. 'பறக்கும் குளியல் தொட்டி' என்று பெயர் வாங்கிய அது எழும்பிற்று!

அடுத்தது உலோகத்தாலான எம்2-எஃப்2. 1967 மே 10-ம் தேதி அது பக்கவாட்டில் தாறுமாறாக ஆடிற்று. விமானி புரூஸ் பீட்டர்ஸன் அடக்கிவிட்டார். ஆனால் சக்கரங்கள் முழுதும் இறங்குமுன் தரை வந்துவிட்டது. கலம் உருண்டது. அவர் பிழைத்தார், பின்னர் ஒரு கண் பார்வை போயிற்று. கலத்தைத் திரும்பக் கட்டியபோது நடுவில் மூன்றாவது துடுப்பைச் சேர்த்தார்கள். 1970-ல் அது எம்2-எஃப்3 ஆகப் பறந்தது.

அந்த விபத்துப் படத்தைப் பின்னால் ஒரு டெலிவிஷன் தொடர் தன் முகப்பில் காட்டிற்று. அதன் நாயகனுக்கு இயந்திரக் கண் கிடைக்கிறது. கதாசிரியனுக்குச் சுலபம் என்றேனே! பீட்டர்ஸனுக்குப் போன கண் போனதுதான்.